செவ்வாய்க்கிழமைக்கு ஓர் ஆள்

ஒரு குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது என்பதைப் பிழையின்றிச் சொல்லும் முறை மனித வரலாற்றில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது நான் தயாரித்த படிவம். பன்னிரண்டு பக்கம், நாற்பத்தொரு கேள்வி, இருபது நிமிடம். சமூகப்பணிப் படிப்பில் இரண்டாம் ஆண்டிலேயே இதைச் சாதித்துவிட்டதால், மூன்றாம் ஆண்டு எதற்கு என்று எனக்கே சந்தேகம் இருந்தது.

பயிற்சிக்கு என்னை நியூசிலாந்தின் கவெரௌ ஊரில் எங்கள் மாவோரி மக்களே நடத்தும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். முதல் வழக்கு வைமரியே. இரண்டு வயது. அவள் தாய் சிகிச்சைக்காக மூன்று மாதம் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். வாரத்தில் ஏழு நாளும் பிள்ளையை யார் பார்ப்பது என்று குடும்பம் கூடி, அன்று மூன்று மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அரசாங்கம் அவளைத் தொலைவில் ஆக்லாந்து நகரில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் சேர்த்துவிடும்.

குடும்பம் கூடியது. பத்தொன்பது பேர். பிள்ளையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவராக எழுந்து, தன் மலை எது, ஆறு எது, முப்பாட்டன் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு ஆகியும் நாங்கள் போன நூற்றாண்டுக்கே வந்து சேரவில்லை.

"அக்கா, மலையா வந்து டயப்பர் மாத்தப் போகுது?" என்று மேலதிகாரி ரொய்மாடாவின் காதில் கேட்டேன்.

"வாய மூடு. அடுத்து நீதான்."

எழுந்தேன். "பேரு திபேனே. என் மலை சூப்பர்மார்க்கெட்டுக்குப் பின்னாடி இருக்குற மேடு. ஆறு, மழை பெஞ்சா அங்கேயே கார் நிறுத்துற இடத்துல ஓடும்."

சிரிப்புக்குக் காத்திருந்தேன். காத்துக்கொண்டே இருந்தேன்.

"யார் வீட்டுப் பையன்னு சொல்லத் தெரியல. நீ எங்க பிள்ளையப் பத்தி என்னத்தடா எழுதப்போற?" என்றாள் ஹுஹானா. பிள்ளையின் பெரியம்மா, மர மில்லில் வேலை.

அறிமுகம் முடிந்ததும் அதிகாரிகள் வெளியேற வேண்டும், முடிவு குடும்பத்துடையது. நிம்மதியாகப் படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஹுஹானா கதவில் கையை வைத்தாள்.

"உங்கப்பா பேரு?"

"ஹோனே."

"பஸ் ஓட்டுறவனா? அவன் அம்மா பேரு?"

"பிரிஹிரா."

"ஆத்துக்கு அந்தப்பக்கமா?"

"ஆமா."

"அடப்பாவி! அவங்க எங்க தாத்தாவோட கூடப்பொறந்தவங்க. நீ எங்க பிள்ளைக்கு மாமன்டா!"

நான்கே கேள்வி. ரொய்மாடா என் கையிலிருந்த வழக்கு ஃபைலையும் படிவத்தையும் வாங்கிக்கொண்டாள். "சொந்தக்காரங்க வழக்குல நம்ம ஆளு வேலை பார்க்கக் கூடாது. உள்ளயே உக்காரு, மாமா." கதவு சாத்தப்பட்டது.

பிள்ளை ஹுஹானாவிடம் இருக்கட்டும் என்று பத்து நிமிடத்தில் முடிவாயிற்று. ஆறு நாள் நிரம்பியது. செவ்வாய்க்கிழமை மட்டும் அவள் விடிவதற்கு முன்பே மில்லுக்குப் போக வேண்டும். யாராவது வந்து பிள்ளையைக் கிளப்பி நர்சரியில் விட வேண்டும். ஒருவருக்கு மீன்பிடிப் படகு, ஒருவருக்கு உடைந்த கால், ஒருவருக்கு லைசென்ஸ் பறிபோய்விட்டது. மணி இரண்டு ஐம்பது. செவ்வாய்க்கு ஆள் இல்லாவிட்டால் மற்ற ஆறு நாளும் வீண். எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

"செவ்வாய் எனக்கு வகுப்பு பத்து மணிக்குத்தான்" என்று யாரோ சொன்னார்கள். குரல் என்னுடையது மாதிரி இருந்தது.

"மாட்னான்டா" என்றார் படகுக்காரர், பேனாவைத் திறந்தபடி.

முதல் செவ்வாய்க்கிழமை. நர்சரி வாசலில் ஆசிரியை மறித்து ஒரு படிவத்தை நீட்டினாள். 'பிள்ளைக்கு என்ன உறவு' என்ற கட்டம் விரல் அகலம்கூட இல்லை. 'மாமா' என்று எழுதினேன்.

"எந்த மாமா? இவங்க அம்மாவுக்கு அண்ணன் தம்பியே கிடையாதே. தெரியாதவங்க கொண்டுவந்து விட்டா பிள்ளைய நான் சேர்த்துக்க முடியாதுங்க."

வைமரியே என் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பையைக் கீழே வைத்தேன்.

"என் மலை பூடவாக்கி. என் ஆறு ரங்கிடைக்கி..." என்று ஆரம்பித்தேன். ஆசிரியை பேனாவை மூடிவிட்டுக் கேட்கத் தொடங்கினாள்.