பாட்டு டீச்சரின் கார்

அந்த நீலக் கார் மறுபடியும் வந்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இன்னும் எத்தனை தடவை வருவாள்! பிளக் மாற்றியாகிவிட்டது. பிளக் ஒயரும் மாற்றியாகிவிட்டது. கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டியாகிவிட்டது. இருந்தும் சிக்னலில் நின்றால் வண்டி விக்கல் எடுத்தவன் மாதிரி குலுங்குகிறதாம். மிஸ்ஸிங்காம்.

என் புருஷன் மெக்கானிக். முன்பக்கம் என்னுடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை, பின்பக்கம் அவருடைய ஒர்க்‌ஷாப், நடுவில் ஒரு கதவும் கண்ணாடி ஜன்னலும். மிஸ்ஸிங் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எந்த சிலிண்டர் என்று சொல்லக்கூடியவர் அவர். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இந்த ஒரு வண்டி மட்டும் பிடிபடவில்லையாம். நம்புவதற்கு நான் என்ன காதில் பூ வைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறேன்?

வண்டிக்காரி பாட்டு சொல்லிக்கொடுக்கிற டீச்சர். என் வயதுதான் இருக்கும், ஆனால் பார்த்தால் தெரியாது. குரல் இருக்கிறதே, பேசுகிறாளா மூச்சு விடுகிறாளா என்று சந்தேகம் வரும். நான் அப்படியில்லை. கடையிலிருந்து நான் ஒரு குரல் கொடுத்தால் எதிர்ச் சாரியில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். தெருவில் எனக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். எனக்கும் தெரியும்.

ஜன்னல் வழியாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் வாயைத் திறந்தால் போதும், இவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவள் உதட்டையே பார்க்கிறார். நான் பேசினால் பானெட்டுக்குள்ளிருந்து தலையைக்கூட வெளியே எடுப்பதில்லை. "ம்." "சரி." "ரெண்டாவது தட்டுல இருக்கு பாரு." அவ்வளவுதான் எனக்கு. அவளோ எட்டி அவர் காதருகே போய் ஏதோ சொல்கிறாள், இவர் சிரிக்கிறார். கார் ரிப்பேரில் காதோடு சொல்ல என்ன இருக்கிறது?

முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போதே கேட்டுப் பார்த்தேன்.

"அந்த வண்டியை வேற எங்கயாவது போகச் சொல்லுங்களேன்."

"பழைய வண்டி. வேற எவனும் கை வைக்கமாட்டான்."

"நீங்க மட்டும் கையை எடுக்கவே மாட்டீங்க!"

அவர் கை கழுவப் போனார்.

அதையே நினைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. பட்டப்பகலில் ஷட்டர்! ஜன்னலைப் பார்த்தேன். உள்பக்கம் ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருந்தார். இத்தனை வருஷக் குடித்தனம் கைவிட்டுப் போகிறது என்றே நினைத்தேன். ஆயில் ஃபில்டர் கேட்டு நின்றவரை "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டு, நடுக்கதவை ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

உள்ளே இருட்டு. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. புகைக்குழாயில் மாட்டிய நீளக் குழாய் பின்சுவர் ஓட்டை வழியாக வெளியே போயிருந்தது. பானெட் பக்கத்தில் இரண்டு பேர். அவள் கை அவர் தோள்மேல் இருந்தது.

"என்ன நடக்குது இங்க?" லைட்டைப் போட்டேன்.

"லைட்டை அணை!" என்றார் அவர். "ஒயர்லேர்ந்து பொறி வெளிய தாவுதான்னு பாக்கறேன். இருட்டுலதான் தெரியும்."

"பொறி பாக்கறதுக்குத் தோளைப் பிடிக்கணுமோ?"

டீச்சர் கையை எடுத்துக்கொண்டாள். "வண்டி தாளம் தப்பும்போதெல்லாம் தட்டச் சொன்னாருங்க."

"ஏன், அவருக்குக் காது இல்லையா?"

டீச்சர் அவரைப் பார்த்தாள், அவர் பானெட்டுக்குள் குனிந்துகொண்டார். என்ஜின் விக்கி விக்கி ஓடியது. எவ்வளவு ஆத்திரத்திலும் என் காது மட்டும் வேலையை விடாது. விக்கலுக்கு நடுவே உஸ்ஸென்று ஒரு சத்தம்.

"அது என்னங்க உஸ்ஸுன்னு?"

"எது?" என்றார் அவர்.

"முதல்லேர்ந்தே வருதுங்க," என்றாள் டீச்சர். "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

குனிந்து சத்தத்தைத் தேடிப் போனேன். கார்பரேட்டருக்குக் கீழே ஒரு ரப்பர் ஹோஸ், அடிப்பக்கம் வெடித்திருந்தது. விரலை வைத்து அழுத்தினேன். உஸ் நின்றது. விக்கலும் நின்றது. விரலை எடுத்தேன், மறுபடி குலுங்கியது. வெளிக்காற்று திருட்டுத்தனமாக உள்ளே போனால் பெட்ரோல் எப்படி ஒழுங்காக எரியும்? கடையில் உட்கார்ந்து ஹோஸ் விற்கிற எனக்கே தெரிகிறது.

"இதுகூடவா உங்களுக்குக் கேக்கல?"

அவர் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சன்னமான சத்தம் எதுவும் அவருக்குக் கேக்காதுங்க," என்றாள் டீச்சர்.

"என் புருஷனுக்கு எது கேக்கும், எது கேக்காதுன்னு நீங்க எனக்குச் சொல்றீங்களா?"

"முதல் நாளே நான் பேசப் பேச வாயைப் பார்த்தாரு. எங்கிட்ட படிக்கற ஒரு குழந்தையும் காது மந்தம், அப்படித்தான் பாக்கும். அதான் கேட்டுட்டேன்."

அவர் துணியில் கையைத் துடைத்தார். "காது போன மெக்கானிக்குன்னு தெரிஞ்சா எவன் வண்டி கொண்டு வருவான்? அதான் யார்கிட்டயும் சொல்லல."

"நானும் அந்த யாரோதானா?"

"உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ பேசறது ஒண்ணுதான் எனக்கு இன்னும் முழுசா கேக்குது. நீ பேச ஆரம்பிச்சா காது நல்லாத்தான் இருக்குன்னு எனக்கே தோணும்."

டீச்சர் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ஜினை அணைத்தேன். அவர் திரும்பி, ஹோஸை அறுக்க மேஜையில் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில், வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது கூப்பிட்ட மாதிரி, மெதுவாகக் கூப்பிட்டேன்.

"என்னங்க."

அவர் திரும்பவில்லை. டீச்சர் திரும்பினாள்.

அப்போது அவள்மேல் வந்த பொறாமைக்கு முன்னால் அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. என் வீட்டுக் குறை எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் அவருக்குக் காதாக நின்றிருக்கிறாள். நான் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைக்குப் போய் அந்த வண்டிக்கு என்னென்ன ரப்பர் ஹோஸ் உண்டோ அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

"ஒண்ணு போதுமே," என்றார்.

"எல்லாத்தையும் மாத்துங்க!" என்றேன். அந்த வண்டி இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது.

மாட்டி முடித்து என்ஜினைக் கிளப்பினார். டீச்சர் பழக்கத்தில் அவர் பக்கத்தில் வந்து கையைத் தூக்கினாள்.

"தள்ளுங்க டீச்சர். இனிமே நான் தட்டிக்கறேன்."

அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வண்டி ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. கையை எடுக்கவில்லை.

அவர் திரும்பினார். "எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.