குருத்தோலை தொங்கிய கதவு

தலைமை ஆசிரியையின் அறையில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் சிஸ்டர் குஸ்தோதியா. சன்னலோர நாற்காலியில், ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு ஊர் மரியாதையோடு தோன்யா என்றழைக்கும் ஒத்திலியா. கதவருகே பெஞ்சு நுனியில் கடைசி வகுப்பு மாணவி நோரால்பா. மாதா படத்துக்குக் கீழே, தொப்பியை முழங்காலில் கவிழ்த்தபடி தோன் எவரிஸ்தோ. நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒத்திலியாவின் அடுத்த வீட்டுக்காரர்.

நடந்தது இதுதான். கடைசி வகுப்புப் பெண்கள் சனிக்கிழமைதோறும் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒருவருக்குப் பணிவிடை செய்யவேண்டும். செய்யாவிட்டால் சான்றிதழ் கிடையாது. நோரால்பாவை ஒத்திலியா வீட்டுக்கு அனுப்பிய சிஸ்டர், "கோயில் பின்தெரு, குருத்தோலைச் சிலுவை தொங்குற கதவு" என்று பெயர் சொல்லாமல் அடையாளம் மட்டும் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின நாள் பேய் இடி. இடிக்கு எல்லோரும் செய்வதைப்போல ஒத்திலியாவும் மந்திரித்த ஓலையைக் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டாள். எவரிஸ்தோ வீட்டு ஓலை மட்டும் அப்படியே இருந்தது. அவர் மனைவி கட்டியது. அவள் போனபின் அதைத் தொட அவருக்குக் கை வரவில்லை. நோரால்பா அந்தக் கதவைத் தட்டினாள். "எங்க வலிக்குது?" என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "முட்டி" என்றார். அன்றுமுதல் சனிக்கிழமைதோறும் அவள் வந்து அவருக்குச் சூப்பு வைத்துக் கொடுத்தாள். அந்த முதல் வாரமே இடுப்பு வைத்தியத்துக்காகப் புகரமாங்காவில் மகள் வீட்டுக்குப் போன ஒத்திலியா இப்போதுதான் திரும்பியிருக்கிறாள்.

"எனக்கு வரவேண்டிய சூப்பையெல்லாம் குடிச்சுத் தீர்த்துட்டு, இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கிறதப் பாருங்க சிஸ்டர்!"

"நீங்க புகரமாங்காவுல இருந்தீங்க. சூப்பு என்ன பஸ் ஏறியா வரும்?" என்றார் எவரிஸ்தோ.

"சண்டை வேணாம்," என்றார் சிஸ்டர். "நோயாளி, அநாதை, ஆதரவற்றவர். இந்த மூணு பேருக்குச் செஞ்சாத்தான் சேவைன்னு மறைமாவட்டத்துல எழுதி வெச்சிருக்காங்க. நீங்க இதுல யாருங்க தோன் எவரிஸ்தோ?"

"முட்டி..."

"போன மாசம் ஊர்வலத்துல மாதா பல்லக்குக்கு முன்தோள் குடுத்தது யாரு?"

அவர் முழங்காலிலிருந்த தொப்பியைத் திருப்பி வைத்தார்.

"அநாதைன்னு போட்டுருங்க சிஸ்டர்," என்றாள் ஒத்திலியா. "மடத்துல பால்புட்டி குடுப்பாங்க."

நோரால்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அவரு நோயாளி இல்லைன்னு எனக்கு மூணாவது வாரமே தெரியும் சிஸ்டர். மேட்டுத்தெரு உச்சியில இருக்கிற கடை ரொட்டி, மேசையில சூடா இருக்கும்."

"தெரிஞ்சும் ஏன்டி போனே?"

அவள் காலணி நுனியைப் பார்த்தாள். "நான் தட்டுறதுக்கு முன்னாடியே கதவத் திறந்துருவாரு."

ஒத்திலியா ஊன்றுகோலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சிஸ்டர்தான் வழி சொன்னார். மூன்றில் தாம் எது என்று எவரிஸ்தோவே மறைமாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதவேண்டும். அவர்கள் ஒத்துக்கொண்டால் நோரால்பா இந்த ஆண்டே துன்ஹா நகரத்துத் தாதியர் பள்ளிக்குப் போய்விடலாம். இல்லையென்றால் அடுத்த ஆண்டு முழுக்க மறுபடியும் சனிக்கிழமைகள்.

எவரிஸ்தோ வீட்டுக்கு வந்து, தாளை மேசை விளிம்புக்கு நேராக வைத்து, தேதியை வலது மூலையில் எழுதினார். பிறகு பேனா நகரவில்லை. எழுதாமல் விட்டால் அவள் இந்த ஊரிலேயே இருப்பாள். அடுத்த வீட்டுக்கானாலும் இந்தத் தெரு வழியாகத்தான் வருவாள். அவள் குரல் சுவரைத் தாண்டிக் கேட்கும். அந்த எண்ணத்தை உள்ளே விட்டதற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது.

எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்த கை அது. 'ஆதரவற்ற' என்ற சொல்லை அடுத்தவருக்காகக் கூசாமல் எழுதியிருக்கிறது. தமக்கென்று எழுத நேர்ந்ததில்லை. சிஸ்டர் படிப்பார், ஆயரின் ஆட்கள் படிப்பார்கள், ஞாயிறு பூசை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

காபி ஆறிப்போனது. அவர் எழுதினார்:

"மதிப்பிற்குரிய ஐயா, என் உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடு உண்டு, ஓய்வூதியம் உண்டு. தொலைவில் இருக்கும் மகன் கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் பேசுவான். ஞாயிறு முதல் வெள்ளிவரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. சனிக்கிழமை ஒரு பெண் வந்து கூப்பிட்டாள். அவள் வராமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஆகவே என்னை ஆதரவற்றவர் என்ற வகையில் சேர்த்து, அந்த மாணவிக்குச் சான்றிதழ் வழங்கக் கோருகிறேன்."

கையெழுத்துப் போட்டு மறுபடி படித்தார். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அவர் கடிதத்தோடு போனபோது, மறைமாவட்டத் தபாலை எடுத்துச் செல்லும் பஸ் சதுக்கத்தில் உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் கையை நீட்டினான். "என்ன தோன் எவரிஸ்தோ, இந்த வயசுல காதல் கடுதாசியா?"

"பேசாம ஓட்டுடா, கழுதை. நனையாமக் கொண்டுபோய்ச் சேத்துரு."

உறையின் விளிம்பை நாக்கால் ஈரப்படுத்தி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிக் கொடுத்தார்.