மஞ்சள் ஸ்ப்ரிங்

மூன்றாவது ஞாயிறும் ஆர்ம் உடைந்தபோது பரமசிவம் முதலில் சந்தேகப்பட்டது அதை விற்றவளைத்தான். யாரையாவது சந்தேகப்படாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் ஓட்டுவது ரிமோட் பந்தயக் கார். முழங்கை நீளம்தான் இருக்கும், ஆனால் ரோட்டில் போகிற மோட்டார் சைக்கிளுக்குச் சவால் விடும். அதன் முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் துண்டுக்குத்தான் ஆர்ம் என்று பெயர். ஒவ்வொரு தடவையும் இடது பக்கத்து ஆர்ம்தான். டிராக்கில் அதே வளைவு, அதே ஓரக்கட்டை. படக்கென்று முறியும், சக்கரம் தனியாகப் புல்லுக்குள் உருண்டு போகும்.

மறுநாள் சிங்கப்பூர் தேக்காவில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சாயிரா பானுவின் கடைக்கு ஏறிப்போய், முறிந்த துண்டைக் கண்ணாடிப் பெட்டிமேல் விட்டெறிந்தார்.

"என்னம்மா சாமான் விக்கிற? எந்தக் காலத்து ஸ்டாக்கு இது?"

"போன வாரம் வந்த சாமான், அங்கிள். ஆர்ம்னா உடையத்தான் செய்யும் லா. அது உடையலன்னா உள்ள இருக்கிற பெரிய சாமான் உடையும்."

"சாமான் விக்கிறவ உடையணும்னுதான் சொல்லுவ."

அவள் சிரித்துவிட்டாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது.

"முன்னாடி என்ன செட்டிங் வச்சிருக்கீங்க? அதச் சொல்லுங்க."

"ஒனக்கு எதுக்கு? காலையில ஒங்கிட்ட சொன்னா சாயந்திரம் ரமணன் காதுக்குப் போயிரும்."

ரமணன் அவர்களுடைய கார் பந்தய மன்றத்துக்குச் செயலாளர். பந்தயத்தில் யாரும் பிடிக்க முடியாத ஆள். போன மாதம் அவனாகவே வந்து, "அண்ணே, முன்னாடி கெட்டி ஸ்ப்ரிங் போடுங்க, பிரேக் அடிச்சா மூக்கு குத்தாம போகும்" என்று சொன்னான். கேட்காமலே ஒருத்தன் வழி சொன்னால் அதில் குழி இருக்கும் என்பது பரமசிவத்தின் கட்சி. ரமணன் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து அவன் காரைக் குனிந்து பார்த்தார். முன்பக்கம் மஞ்சள் ஸ்ப்ரிங். வேறொரு கடையில் மஞ்சளைக் கேட்டு வாங்கிவந்து தன் காரில் மாட்டினார். அமுக்கிப் பார்த்தால் பஞ்சு மாதிரி இறங்கியது. ஓகோ, கெட்டி என்று ஊருக்குச் சொல்லிவிட்டு இவன் மெத்தென்றதை மாட்டிக்கொண்டு ஜெயிக்கிறான், பொய்க்காரப் பயல் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். வாயால் சொல்வதை நம்பாமல் கண்ணால் பார்த்ததை மாட்டியதில் உள்ளுக்குள் ஒரு பெருமைகூட.

கடையைவிட்டு இறங்கும்போது கைப்பேசியில் ரமணனின் குரல் வந்து கிடந்தது. எழுதி அனுப்பினால் பரமசிவம் படிக்கமாட்டார் என்று தெரிந்து பேசி அனுப்புவான்.

"அண்ணே, கமிட்டில பேசிட்டோம். வாராவாரம் உங்க வண்டி நடு டிராக்ல உடைஞ்சு ரேஸ நிப்பாட்ட வேண்டியிருக்கு. கை முன்ன மாதிரி இல்ல உங்களுக்கு, வயசாச்சுல்ல. வர்ற ஞாயிறு ரெண்டு ஓட்டத்துல ஒண்ணாவது முழுசா முடிங்க. முடியலன்னா பிகினர் கிளாஸுக்கு மாத்திடுவோம். தப்பா எடுத்துக்காதீங்க."

பிகினர் கிளாஸ் என்றால் நேற்று வண்டி வாங்கியவர்கள் ஓட்டுகிற கூட்டம். பரமசிவத்துக்குக் காது வரைக்கும் சுட்டது. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, முட்டைப் பெட்டியைக்கூட நோகாமல் தூக்கி வைத்த கை இது. இதற்கா வயசாச்சு?

பிளாஸ்டிக்கை நம்பினால் இப்படித்தான் என்று, லேத் வைத்திருக்கும் ஒரு பழைய சிநேகிதனிடம் அலுமினியத்திலேயே இரண்டு ஆர்ம் கடைந்து வாங்கினார். சுத்தியலால் அடித்தாலும் வளையாது.

ஞாயிற்றுக்கிழமை, டிராக் இருக்கும் கிராஞ்சிக்குப் போகிற பஸ் வழக்கம்போல நேரத்துக்கு வரவில்லை. வந்ததும், நாற்றுப் பண்ணை தாண்டி இறங்கி, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்து டிராக்குக்குப் போய்ச் சேர்ந்தார். சாயிரா பானு, வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிட் கொட்டகையில் சாமான் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். அலுமினிய ஆர்மைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.  வாயைத் திறந்திருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள்.

காலை ஓட்டத்தில் வண்டி நன்றாகத்தான் போனது. அந்த வளைவு வந்தது. பிரேக் போட்டதும் மூக்கு தரையில் குத்தியது, ஓரக்கட்டையில் மோதியது. ஆர்ம் உடையவில்லை. ஆர்மைப் பூட்டியிருந்த கட்டை அடியோடு பிய்ந்து, அடித்தகடும் கீறிப்போய், வண்டி நடு டிராக்கில் மல்லாந்தது.

"சொன்னேன்ல அங்கிள்" என்று ஆரம்பித்தாள் சாயிரா பானு.

"வாய மூடிட்டு ஒரு கட்டையும் பிளாஸ்டிக் ஆர்மும் எடுத்து வை. மத்தியானம் இன்னொரு ஓட்டம் இருக்கு."

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கூட்டம் ஓடி முடித்ததும், அடுத்த கூட்டம் ஓடும்போது அவர்கள்தான் டிராக்கில் வளைவுக்கு ஒருவராக நிற்கவேண்டும். கவிழ்ந்த வண்டியைச் சட்டென்று நிமிர்த்தி விடுவது மார்ஷல் வேலை. ஓட்டுகிறவர்கள் மேடைமேல் நின்று ரிமோட்டைப் பிடித்திருப்பார்கள், இறங்கி வரமுடியாது. பரமசிவம் தன் வண்டியைக் கெடுத்த அதே வளைவில் போய் நின்றார், அந்த ஓரக்கட்டையை ஒரு உதையும் உதைத்தார்.

அடுத்த கூட்டத்தில் ரமணனின் வண்டிதான் முன்னால் போனது. பின்னால் வந்த ஒருத்தன் இடித்ததில் அது இரண்டு குட்டிக்கரணம் அடித்து பரமசிவத்தின் காலடியில் வந்து விழுந்தது. அவர் தூக்கினார். உள்ளங்கை முன்பக்கத்தை அழுத்தியது. இறங்கவில்லை. மறுபடி அழுத்தினார். கல்லு மாதிரி இருந்தது. அடியில் எட்டிப் பார்த்தார். மஞ்சள்தான், ஆனால் அவர் வண்டிக் கம்பெனி இல்லை, வேறு கம்பெனி. ஆளாளுக்கு இஷ்டப்பட்ட வர்ணம் பூசி விற்கிறான்கள். இவன் மஞ்சள் கெட்டி. தன் மஞ்சள் பஞ்சு. ரமணன் பொய் சொல்லவில்லை.

இன்னொரு முறை அழுத்தினார்.

"அண்ணே, கீழ வைங்க" என்று மேடையிலிருந்து கத்தினான் ரமணன். "என்னண்ணே பண்றீங்க? வைங்கண்ணே!"

அவர் வைப்பதற்குள் மற்ற வண்டிகள் சுற்றி வந்து தாண்டிப் போய்விட்டன. ரமணன் கடைசியில் வந்தான். ஓட்டம் முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி நேராக அவரிடம் வந்தான்.

"வேணும்னே புடிச்சு வச்சீங்களா இல்லையா?"

"ஒன் ஸ்ப்ரிங்கு கெட்டி."

"கெட்டின்னுதானே போன மாசமே சொன்னேன்!"

"நீ சொன்னா? ஒன் பேச்ச நான் எதுக்கு நம்பணும்?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. சாயிரா பானு நடுவில் புகுந்தாள். "விடுங்க லா. வெயில்ல நின்னு அங்கிளுக்குக் கை மரத்துப் போயிருக்கும்."

ரமணன் மூச்சை இழுத்து விட்டான். கோபம் கொஞ்சம் இறங்கியது. "அப்படின்னா அதச் சொல்லுங்கண்ணே. வேணும்னு புடிச்சிருந்தா மத்தியான ஓட்டம் கட், ரூல் அதுதான். கை வரலன்னு சொன்னீங்கன்னா பரவால்ல, விட்டுடறேன். ஓடுங்க."

எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் மத்தியானம் ஓடலாம், கெட்டி ஸ்ப்ரிங்கை மாட்டி முழுசாக முடித்தும் காட்டலாம். ஆனால் அந்த வார்த்தையைத்தானே இந்தப் பயல் கைப்பேசியில் பேசி அனுப்பினான். அதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு மேடை ஏறுவதா? 

இரண்டு கையையும் அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். விரல் ஆடவில்லை.

"கைக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் புடிச்சு வச்சிருந்தேன். அமுக்கிப் பாத்தேன். பாக்கணும்னு தோணுச்சு, பாத்தேன். எழுதிக்க."

"அண்ணே, பிகினர் கிளாஸுண்ணே. யோசிச்சு சொல்லுங்க."

"எழுதுடான்னா."

ரமணன் தலையை ஆட்டிக்கொண்டே போனான். பரமசிவம் பிட் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தார். சாயிரா பானு அவர் முன்னால் பச்சை ஸ்ப்ரிங் ஒரு ஜோடியை வைத்தாள்.

"உங்க கம்பெனில பச்சதான் கெட்டி. நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

"நீ கேட்ட. நான்தான் சொல்லல" என்றார், அவளை அடிக்கப்போகிறவர் மாதிரி. ஸ்ப்ரிங்கை விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் அவர் கூட்டம் அவர் இல்லாமலே ஓடி முடிந்தது. ஓட்டம் பறிபோனாலும் மார்ஷல் வேலை பறிபோகாது. அவர் எழுந்து போய் அதே வளைவில் நின்றார். மேடையில் ரமணன் இருந்தான். காலையில் கடைசியாக வந்தவனுக்கு, முதல் இடம் பிடிக்க இந்த ஓட்டம் ஒன்றுதான் பாக்கி.

"அந்த வளைவுக்கு வேற ஆள் போடுங்க" என்று மேடையிலிருந்து எவனோ சொன்னான்.

யாரும் கொட்டகை நிழலைவிட்டு நகரவில்லை. பரமசிவமும் நகரவில்லை. எல்லா வளைவிலும் ஆள் நின்றால்தான் பந்தயம் தொடங்கும்.

"நான் இங்கதான் நிப்பேன்" என்றார் மேடையைப் பார்த்து. "இஷ்டம்னா ஓட்டு. இல்லன்னா வீட்டுக்குப் போ."

 ரமணன் ரிமோட்டை உயர்த்தி, தொடங்கலாம் என்று கையைக் காட்டினான்.

பரமசிவம் ஒரு கெட்ட வார்த்தையை முனகிக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, குனிந்து நின்றார்.