மாதா படகின் சிவப்புப் பட்டை

உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அந்த டிஜிட்டல் கேமராவைப் பார்த்து முதலில் சிரித்தவள் ஃப்ளோரன்ஸ்தான். கல்மண்டபம் பக்கம் ஒரு ஸ்டூடியோவில், தோள் கழன்றுவிடும் போல வலிக்க வலிக்கக் கல்யாண வீடியோ எடுத்துப் பழகியவள் அவள். இதென்ன, சோப்பு டப்பா மாதிரி இருக்கிறதே என்றுதான் நினைத்தாள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது. பஸ், ரயில், படகு என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்த பிறகு பெரிய கேமராவைத் தொடவே அவளுக்கு அலுப்பாகிவிட்டது. அதைக் கண்டால் ஜனங்கள் விறைத்துப்போவார்கள். இதைக் கண்டால் சிரித்துக்கொண்டே கிட்டே வந்துவிடுவார்கள்.

கேமரா தேசப்பனுடையது. எழும்பூரில் டிராவல்ஸ் நடத்துகிறவர். வெளிநாட்டுக்காரர்களுக்கு வட சென்னைக் கடற்கரையைச் சுற்றிக் காட்டப்போகிறாராம், இன்டர்நெட்டில் போட ஒரு வீடியோ வேண்டுமாம். காசிமேட்டு மீன் ஏலம், எண்ணூர் முகத்துவாரம் எல்லாம் எடுத்தாயிற்று. பாக்கி இருந்தது திருவொற்றியூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் நடக்கும் மாதா திருவிழா. சுரூபம் என்கிற மாதா சிலையைப் படகில் ஏற்றிக் கடலில் மூன்று சுற்று வருவார்கள். ஃப்ளோரன்ஸ் வாழ்க்கைப்பட்டதே அந்தக் குப்பத்தில்தான். இந்த வருஷம் சுரூபத்தை ஏற்றும் முறை அவள் புருஷன் அம்புரோஸின் ஃபைபர் படகுக்கு வந்திருந்தது. மகள் ரேச்சலுக்கு ஏழு வயசு. வெள்ளை கவுனும் முதுகில் அட்டை இறக்கையுமாக, சம்மனசு வேஷத்தில் சுரூபத்தின் காலடியில் நிற்பதாக ஏற்பாடு. அந்த யோசனை ஃப்ளோரன்ஸுடையது. வீடியோவுக்கு அழகாக இருக்கும் என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலம் காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. எண்ணூர்ப் புகைபோக்கிகளின் புகை நகர மாட்டாமல் கடல்மேல் பழுப்பாகப் படுத்துக் கிடந்தது. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி வழவழவென்று இருந்தது.

"படகு காலியா தெரியுதேம்மா. இன்னும் கொஞ்சம் ஜனங்க இருந்தா களை கட்டும்," என்றார் தேசப்பன் கரையில் நின்றபடி.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ஃப்ளோரன்ஸ் கேமராவைத் தூக்கிப் பிடித்து, "ஏறுங்கக்கா, அல்லாரும் வீடியோவுல வருவீங்க," என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அவ்வளவுதான், பட்டுப்புடவையும் கனகாம்பரமுமாகத் தெருவே ஏறிவிட்டது. பேண்டு செட்டும் ஏறியது.

"போதும்மே," என்றான் அம்புரோஸ். "நாலு பேரு வலை இழுக்கிற போட்டு இது. கல்யாண மண்டபமா?"

"அப்போ நீயே எறக்கி வுடேன்யா."

மாதா படகில் ஏறியவர்களை இறங்கு என்று சொல்வது அந்தக் குப்பத்தில் கிடையாது. அப்படிச் சொன்னவன் வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு சாவு விழும் என்பார்கள். அதனால் யாரும் வாய் திறந்து இறங்கச் சொல்ல மாட்டார்கள். அம்புரோஸ் நனைந்துவிடாமல் இருக்கச் செல்போனைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இன்ஜின் கயிற்றை இழுத்தான்.

ஃப்ளோரன்ஸ் கொழுந்தன் சாவியோவின் படகில் முன்னால் போய்க்கொண்டே படமெடுத்தாள். வெயில் நேராக அடித்தது. அந்த வெளிச்சத்தில் கேமராவின் சின்னத் திரையில் ஒரு மண்ணும் தெரியாது. குத்துமதிப்பாக நீட்டி அமுக்க வேண்டியதுதான். முதல் சுற்று முடிந்தது, இரண்டாவதும் பாதி ஆனது. சரியாக விழுந்திருக்கிறதா பார்க்கலாம் என்று முந்தானையைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொண்டு, உள்ளே குனிந்து, எடுத்ததை ஓட்டிப் பார்த்தாள்.

ரேச்சல் அழகாக விழுந்திருந்தாள். இறக்கை ஒன்று கோணியிருந்தது. ஃப்ளோரன்ஸ் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அடுத்ததைப் பார்த்தாள், அதற்கடுத்ததையும் பார்த்தாள். பிறகு முதலில் எடுத்ததற்கே திரும்பிப் போனாள்.

அம்புரோஸின் படகைச் சுற்றி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே, பெயிண்ட் அடித்த ஒரு சிவப்புப் பட்டை உண்டு. முதல் படத்தில் அது முழுசாகத் தெரிந்தது. அடுத்ததில் பாதிதான் தெரிந்தது. கடைசிப் படத்தில், பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தும், பட்டையையே காணோம்.

அட கர்த்தாவே என்று முந்தானையை விலக்கி அம்புரோஸின் படகைப் பார்த்தாள்.

"சாவியோ, உங்க அண்ணன் போட்டு இன்னாடா இப்டி தாழ்ந்துகினு கீது?"

"ஆளு ஜாஸ்தி அண்ணி. ஒண்ணும் ஆவாது. மாதா கீறாங்க."

"பட்டை எங்கடா? இத்தப் பாரு."

சாவியோவும் முந்தானைக்குள் தலையை விட்டுப் பார்த்தான். வெளியே வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அடியில தண்ணி ரொம்பிகினு வருது அண்ணி. ஜமுக்காளம் விரிச்சி மேல பூவக் கொட்டி வெச்சிக்கிறாங்களே, யாருக்கும் தெரியாது. அண்ணன் பின்னால நிக்கிறாரு, ஜனம் மறைக்குது." சொல்லிக்கொண்டே படகைத் திருப்பி விரட்டினான்.

இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். எங்கே கேட்கிறது? பேண்டு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம், இரண்டு இன்ஜின் சத்தம் வேறு. பத்துப் பன்னிரண்டு கை தூரத்தில் இருந்தும் ஒரு வார்த்தை போய்ச் சேரவில்லை. ஃப்ளோரன்ஸ் எழுந்து நின்றாள். பிள்ளை அங்கே இருக்கிறாள் என்பதைத் தவிர வேறு எந்த நினைப்பும் அவளுக்கு இல்லை. கரைக்குப் போ, கரைக்குப் போ என்று கையை வீசி வீசிக் காட்டினாள். அந்தக் கையில்தான் கேமரா இருந்தது.

மாதா படகில் இருந்தவர்கள் பார்த்தார்கள். வீடியோக்கார ஃப்ளோரன்ஸ் கூப்பிடுகிறாள், இந்தப் பக்கம் வந்தால்தான் படத்தில் விழுவோம் என்று நினைத்துக்கொண்டார்கள். முதலில் விளிம்புக்கு ஓடி வந்தது ரேச்சல். அவள் பின்னால் பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்தார்கள். அந்தப் பக்கம் நின்றவர்களும் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க முண்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஃப்ளோரன்ஸ் கேமராவைக் கடலில் விட்டெறிந்தாள். இரண்டு கையையும் விரித்து வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். அவர்களும் இரண்டு கையையும் தூக்கி அவளைப் போலவே ஆட்டினார்கள். ஜனங்களுக்கு நடுவே அம்புரோஸின் முகம் ஒரு நொடி தெரிந்தது. அவன் மட்டும் அவளைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தான். படகு அவள் பக்கமாகச் சாய்ந்து, விளிம்பு கடலுக்குள் இறங்கியபோதும் ரேச்சல் அம்மாவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டுதான் இருந்தாள்.