ஒன்பது கேள்விகள்

வென்றால் படம் போடுவார்கள். தோற்றால் எண் மட்டும்தான். மகள் விட்டுப்போன பழைய டப்லெட்டில் பேஸ்போல் கழகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்த பேரின்பநாதனுக்கு, படம் இல்லாததைக் கண்டதுமே விசயம் விளங்கிவிட்டது. பதினொன்றுக்கு இரண்டு. அடுத்தடுத்து ஏழாவது தோல்வி. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு விரலால் கீழே தேடிப் போனார். இங்கிலீசும் பிரெஞ்சும் வாசிக்க வராது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் இருபத்தாறு வருசம் ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி எண்ணி இறக்கின மனுசனுக்கு எண் பிழைக்காது. பார்த்துப் பார்த்துப் பழகிப்போன ரதீசனின் பெயருக்கு நேரே நாலு, ஐந்து, ஆறு என்று கிடந்தது. நாலு சுற்றுப் பந்தெறிந்திருக்கிறான், ஐந்து ஓட்டம் கொடுத்திருக்கிறான், குறி தவறி எறிந்து, ஆறு பேரை அவர்கள் பந்தை அடிக்காமலே சும்மா நடக்க விட்டிருக்கிறான்.

"பெடியன் நேற்றும் கோட்டை விட்டிட்டான்," என்றார்.

மனைவி பாலாம்பிகை சந்தைக்கு வெளிக்கிட்டு, வாசலில் சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். "அவன் எங்க விட்டவன்? பின்னால நிண்டவங்கள் பந்து பிடிக்கேல்லையெண்டு போனில சொன்னவனெல்லே."

"பின்னால நிண்டவங்களே ஆறு பேரை நடக்க விட்டவங்கள்?"

"உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும். நீங்கள் போய் எறியுங்கோவன்," என்றுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ரதீசன் அவர்களுக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த இருபது வயதுப் பெடியன். கிரிக்கெட் விளையாடும் கூட்டத்துக்குள் எப்படியோ பேஸ்போல் பிடித்துப்போய், பந்தெறிகிறவனாக வந்துவிட்டான். லொங்குய்யில் இருக்கிற இந்தக் கழகம், அமெரிக்காவில் இருக்கிற ஒரு பெரிய கழகத்துக்கு ஆள் எடுக்கிற அடிப் படி. இந்த வருசம் புதிதாக எடுத்த எட்டுப் பேரில் இரண்டு பேரைத்தான் மேலே எடுப்பார்கள். மற்றவர்களில் சிலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கோடை முழுக்க அந்தப் பெடியன்களை வைத்துச் சோறு போட இங்கே வீடு தேடினபோது, மகனுக்குத் தமிழ் வீடுதான் வேண்டும் என்று ரதீசனின் தாய் ஒற்றைக்காலில் நின்று, யார் யாரையோ பிடித்துப் பாலாம்பிகையிடம் வந்து சேர்ந்தாள். பேரின்பநாதன் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். முன்பின் தெரியாத பெடியனை நிலவறையில் படுக்கவிட்டு, நாளைக்கு ஒன்றென்றால் ஆர் பதில் சொல்கிறது? அவருக்கு ஆரிலும் நம்பிக்கை இல்லை. வங்கியில் இல்லை, டொக்டரில் இல்லை, கோயில் நிர்வாகத்தில் கொஞ்சமும் இல்லை. ஆனாலும் பெடியன் மே மாதம் இரண்டு பையோடு வந்து இறங்கினான். இப்போது ஓகஸ்ட் பாதி போய்விட்டது.

இந்த மூன்றரை மாதத்தில் அவர் அவனைப் பார்த்த மாதிரிக் கழகத்தில் ஒருத்தனும் பார்த்திருக்க மாட்டான். ஐந்தரைக்கு எழும்பி ஆற்றங்கரையால் ஓடிவிட்டு வருவான். வந்ததும் குசினி மேசையில் இருந்து, முதல் நாள் எறிந்த ஒவ்வொரு பந்தையும் ஒரு கொப்பியில் எழுதுவான். எங்கே பிழைத்ததோ அங்கே ஒரு சின்ன வட்டம். பாலாம்பிகை குளிர்பெட்டியில் வைத்த தேங்காய்ப்பூப் பைக்கற்றை எடுத்து, எறிந்த நோவுக்கு ஐஸ் மாதிரித் தோளில் கட்டிக்கொண்டு இருப்பான். பிறகு அதே தேங்காய்ப்பூவில் அவள் அவித்த புட்டைச் சாப்பிடுவான். தோற்ற நாளிலும் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவான். கதவை ஒரு நாளும் அடித்துச் சாத்தினதில்லை. இதையெல்லாம் பேரின்பநாதன் அவனிடம் சொன்னதில்லை. நல்லதைச் சொன்னால் பெடியன்கள் பழுதாய்ப் போவார்கள் என்பது அவரது எண்ணம்.

பத்து மணியளவில் வாசல் மணி அடித்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன், கழகத்தின் தொப்பி, கையில் ஒரு டப்லெட், முகம் நிறையச் சிரிப்பு.

"வணக்கம் சார். ரதீசன் தங்கியிருக்கிற வீடுதானே? நான் கிருஷ்ணகுமார். க்ளப்ல இருந்து வர்றேன். சென்னை."

தமிழ் கேட்டதும் பேரின்பநாதனின் கை கதவின் பிடியை இறுக்கிக்கொண்டது. "பெடியன் இல்லை. வெளியூர் போனவங்கள் இன்னும் திரும்பேல்லை."

"தெரியும் சார். உங்களைத்தான் பாக்க வந்தேன். ஒன்பதே கேள்வி. பத்து நிமிஷம்."

வாசலில் வைத்துக் கதைத்தால் அக்கம்பக்கம் பார்க்கும் என்று உள்ளே விட்டார். இருக்கச் சொன்னார். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்கவில்லை. வந்தவன் டப்லெட்டை மடியில் வைத்துத் தட்டினான்.

"காலைல எத்தனை மணிக்கு எழுந்திருப்பான்?"

"தெரியாது."

"சாயங்காலம் மேட்ச் இல்லேன்னா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான்?"

"தெரியாது."

"அவனைப் பாக்க யாராவது வருவாங்களா? ஃப்ரெண்ட்ஸ் மாதிரி?"

"தெரியாது. எனக்குக் காது கேக்கிறேல்லை."

கிருஷ்ணகுமார் நிமிர்ந்து பார்த்தான். "சார், தப்பா நினைக்காதீங்க. அவன் கை என்ன வேகம், பந்து எத்தனை சுத்து சுத்துது, எல்லா நம்பரும் எங்கிட்ட இருக்கு. நம்பர் இந்த மாசம் அவ்வளவு நல்லா இல்ல. அதனாலதான் வந்தேன். ஆள் எப்படி, தோத்தா எப்படி எடுத்துக்கறான், இதெல்லாம் வீட்ல இருக்கறவங்கதான் சொல்ல முடியும். மேல இருக்கறவங்க அதைத்தான் கேக்கறாங்க."

"மேலை இருக்கிறவைக்கு என்னத்துக்கு இஞ்ச ஆர் வந்து போகினம் எண்டு?"

"ஐயோ சார், இது போலீஸ் விசாரணை இல்ல."

"அப்பிடிச் சொல்லிப்போட்டுத்தான் எல்லாரும் கேக்கிறது, தம்பி."

ஒன்பது கேள்விக்கும் ஒரே பதில்தான் கொடுத்தார். கடைசியில் அவன் தன் பெயர் போட்ட மட்டையை மேசையில் வைத்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனான். வெய்யிலில் அவன் நடந்து போகிறதைத் திரைச்சேலை இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு, உள்ளே ஒரு நிறைவு இருந்தது. முன்பும் ஒருத்தன் இப்படித்தான் வந்தான். எண்பத்தெட்டாம் ஆண்டு, ஊரில். அமைதிப்படை ஆமியோடு வந்தவன், ஆனால் நல்ல தமிழ், நல்ல சிரிப்பு. வீட்டில் ஆர் ஆர், பெடியன் எத்தனை மணிக்கு வருவான் என்று ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு கேட்டான். பாலாம்பிகையின் தம்பி அப்போது அவர்களோடுதான் இருந்தான். ரியூசனுக்குப் போய் வருவான், வேறொன்றும் அறியான். மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்துப் பேரின்பநாதன் உள்ளதைச் சொன்னார். ஆறு மணிக்கு வருவான் என்று. ஆறு மணிக்கு அவர்கள் வந்து வீட்டுக்கு முன் ஒழுங்கையில் நின்றார்கள். பிறகு அந்தப் பெடியனை ஆரும் காணவில்லை. அன்றைக்குப் பாலாம்பிகை தாய் வீட்டில் நின்றாள். ஆர் சொன்னது, எப்படித் தெரிந்தது என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்று மணிக்குப் பாலாம்பிகை வந்து, முருங்கைக்காயையும் தக்காளியையும் மேசையில் பரப்பிக்கொண்டிருந்தபோது ரதீசனும் பையோடு உள்ளே வந்தான். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. பேருந்தில் நித்திரை இல்லை.

"அங்கிள், கிருஷ் வந்தவரா? நான்தான் உங்கட பேரைக் குடுத்தனான். ஹவுஸ்ல இருக்கிற ஆக்கள் சொல்லுறதும் ரிப்போர்ட்ல போகுமாம். கோச் சொன்னவர், அதுதான் எனக்கு இப்ப ஹெல்ப் பண்ணும் எண்டு."

"வந்தவர்," என்றார் பேரின்பநாதன். "துருவித் துருவிக் கேட்டார். நான் ஒரு சொல்லும் விடேல்லை. நீ பயப்பிடாத."

ரதீசன் சிரிக்கப் பார்த்தான். பிறகு மேசையில் கிடந்த முருங்கைக்காய் ஒன்றை எடுத்து, எங்கே வைக்கிறது என்று தெரியாதவன் போலத் திரும்ப அதே இடத்தில் வைத்தான். "தாங்ஸ் அங்கிள்," என்றான். நிலவறைப் படியில் அவன் இறங்கிப் போகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

பாலாம்பிகை கத்தியைக் கீழே வைத்தாள். "என்ன கேட்டவன்?"

"எத்தனை மணிக்கு வருவான், ஆர் வருவினம்... அப்பிடி."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"தெரியாது எண்டன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபப்படுகிற வயதை இரண்டு பேரும் தாண்டிவிட்டார்கள். "அண்டைக்குச் சொன்னியள்," என்றாள். "இண்டைக்குச் சொல்லேல்லை. ரண்டும் பிழையாய்ப்போச்சு."

பேரின்பநாதன் மேசையடிக் கதிரையில் இருந்துவிட்டார். "உனக்கு ஆர் சொன்னது?"

"முன்வீட்டு மனிசி. நான் அம்மா வீட்டால வந்த அண்டைக்கே சொன்னவ." அவள் தக்காளியைக் கழுவத் தொடங்கினாள். முப்பத்தேழு வருசம் இந்த மனுசி எல்லாம் தெரிந்துகொண்டு தனக்குச் சோறு போட்டிருக்கிறாள் என்பது அவருக்கு உடனே பிடிபடவில்லை. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த நான்கு நாளும், கிருஷ்ணகுமார் விட்டுப்போன பெயர் மட்டையை எடுத்து வைத்துக்கொண்டு திரிந்தார். இரண்டு தரம் போன் அடித்தார். பெண் குரல் ஒன்று பிரெஞ்சில் ஏதோ சொல்லத் தொடங்க, வைத்துவிட்டார். பெடியன் வழமை போல எழும்பினான், ஓடினான், எழுதினான், கோப்பையைக் கழுவினான். அவனுடைய முகத்தில் ஒரு குறையும் இல்லாததுதான் அவரைப் போட்டு அரித்தது. ஏசினால் ஏசிப்போட்டான் என்று இருக்கலாம். செவ்வாய்க்கிழமை அவன் எறிகிற முறை. மத்தியானம் அவன் வெளிக்கிட்டுப் போன அரை மணித்தியாலத்தில், பேரின்பநாதன் சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் எடுத்தார். அந்த மைதானத்துக்கு அவர் போவது அதுதான் முதல் தரம்.

இருந்து பார்க்கிற வாங்குகள் பாதிக்கு மேல் வெறுமை. வானம் ஈயம் போலக் கிடந்தது. ஆட்டம் தொடங்கி, நடுவில் இருந்த மண்மேட்டில் நின்று ரதீசன் எறிந்துகொண்டிருந்தான். கம்பி வலைக்குப் பின்னால், வேகம் அளக்கிற கருவியோடு கிருஷ்ணகுமார் இருந்தான். பேரின்பநாதனைக் கண்டு எழும்பப் பார்த்தான்.

"இரும் தம்பி. நான் கதைக்க வந்தனான். எழுதும்."

"சார்..." அவன் கருவியை மடியில் வைத்தான். "ஞாயித்துக்கிழமையே ரிப்போர்ட் போயிடுச்சு சார்."

"என்னெண்டு?"

"வீட்ல இருக்கறவர் எதுவும் சொல்ல விரும்பலைன்னு. வேற என்ன எழுதறது? பொய் எழுத முடியாதில்ல."

"அப்பிடி எழுதினால் அவை என்னெண்டு நினைப்பினம்?"

கிருஷ்ணகுமார் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். அவனுக்கும் களைப்பாக இருந்தது போலத் தெரிந்தது. எட்டு வீடு ஏறி இறங்கினவன்.

"இன்னொண்டு அனுப்ப ஏலாதோ?"

"அனுப்பலாம் சார். முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி படிப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

"படிக்கட்டும், விடட்டும். நீர் எழுதும்."

அவன் டப்லெட்டைத் திறந்தான். பேரின்பநாதன் பக்கத்து இருக்கையில் நுனியில் இருந்துகொண்டு, மைதானத்தைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார். ஐந்தரைக்கு எழும்புவான். ஓடுவான். கொப்பியில் பிழைக்கு வட்டம் போடுவான், பிழையை மற்றவனில் போடமாட்டான். ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி, அவன் விரல் ஓய்கிறதா என்று பார்த்தார். குடிக்கமாட்டான். ஆரும் வாறதில்லை, தாய்தான் போன் எடுப்பாள். ரண்டாம் கேள்வி என்ன, என்று அவரே கேட்டார். மாலையில் எத்தனை மணிக்கு, என்று கிருஷ்ணகுமார் வாசித்தான். பேரின்பநாதன் மைதானத்தை விட்டுத் திரும்பி அவன் விரலைப் பார்த்தார்.

"ஆறு மணிக்கு," என்றார். "ஆறு மணிக்கு வீட்டில நிப்பான். எழுதிப்போட்டீரோ?"

"எழுதிட்டேன் சார்."

அப்போதே மழை விழுந்தது. ஒரு தூறல், பிறகு ஒரேயடியாக. நடுவர் இரண்டு கையையும் தூக்கினார். ஆட்டக்காரர்கள் கூரைக்குள் ஓடினார்கள். பத்துப் பன்னிரண்டு வேலைக்காரர் ஒரு பெரிய பிளாஸ்டிக் விரிப்பை உருட்டி, மண் நனையாமல் மூட இழுத்துக்கொண்டு வந்தார்கள். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. நடுமேட்டில் ரதீசன் மட்டும், இன்னும் எறிய இருக்கிறவன் போலப் பந்தைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு நின்றான். தொப்பியின் விளிம்பால் தண்ணீர் ஒழுகியது. விரிப்பு அவன் காலடி வரை வந்து நின்றது. அதைப் பிடித்தபடி வேலைக்காரர் இரண்டு பேர், அவன் விலகட்டும் என்று மழைக்குள் காத்து நின்றார்கள்.