போகக்கூடாத முனை

"ஓட்டைக்குள்ள இருக்கிற மரையை யாருப்பா பாப்பாங்க?"

ஏழு வயதில் மகள் கேட்டாள். வீட்டின் பின்அறையில் மில்லிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, போல்ட் ஒன்றைத் திருகித் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள். மில்லிங்காரர் சிரித்தார். "கடவுள் பாப்பாரு. அவருக்கு வேலை அதிகமா இருந்தா கேஜ் பாத்துக்கும்."

மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அந்தப் பதில் அவளுக்கு நினைவிருக்குமோ என்னவோ, அவருக்கு இருந்தது. இருந்தும்தான் அதைச் செய்தார்.

வந்தது மைத்துனனுடைய வேலை. மனைவியின் தம்பி ஒரு பேக்கரியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவன். எதை முடுக்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்குவான். அவன் முடுக்கிய நட்டைக் கழற்ற அவனையேதான் கூப்பிட வேண்டும். அதனால் கிடுக்கி என்று பெயர். மாவு பிசையும் மெஷினின் கையைத் தாங்கும் அலுமினியக் கட்டை தேய்ந்துபோயிருந்தது. புதிய கட்டை வேண்டும். நடுவில் பெரிய ஓட்டை, அதற்குள் திருகிப் பிடிக்க மரை.

அவ்வளவு பெரிய ஓட்டைக்கு அவரிடம் மரை வெட்டும் டேப் கிடையாது. சின்னக் கட்டரை உள்ளே இறக்கி, ஓட்டையின் சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மரை உயரம் ஏற்றித்தான் வெட்டுவார். கட்டரின் விட்டம் எவ்வளவு என்று மெஷினில் பதிந்துவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். பழைய கட்டர் பலமுறை சாணை பிடித்து இளைத்தது. அன்று காலை அதன் பல் உடைந்துபோக, புதியதை மாட்டினார். பதிந்திருந்த இளைத்த அளவை மாற்ற மறந்துவிட்டார்.

வெட்டி முடித்ததும் மரையின் அளவு பார்க்கும் கேஜை எடுத்தார். அதன் ஒரு முனை மரைக்குள் போக வேண்டும், மறு முனை போகவே கூடாது. போக வேண்டியது போனது. திருப்பிப் போட்டார். போகக்கூடாததும் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்தது.

பருத்த புதுக் கட்டர் கூடுதலாக வெட்டி, மரை தளர்ந்துவிட்டது. அந்தப் பருமனுக்கு வேறு அலுமினியம் கையில் இல்லை. அதற்குள் கிடுக்கி வாசலில் நின்றான்.

"ஆச்சா மாமா? அடுப்புக்குப் பதிலா முதலாளியம்மா என்னைப் பத்த வைக்குது."

"ஆச்சு மாப்ள." அலமாரியிலிருந்து மரைக்குத் தடவும் பசையை எடுத்து நீட்டினார். "இதையும் போட்டு முடுக்கு. ஆடாது."

"பசையும் சேத்தா? மாமான்னா மாமாதான்!"



நான்காம் நாள் மெஷினின் கை பிடுங்கிக்கொண்டு விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் மாவு முழுக்கத் தரையோடு போயிற்று. கிடுக்கி கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே மரை இருந்த இடமே தெரியவில்லை, வழித்தெடுத்தாற்போல் இருந்தது. அது எப்படி வெட்டப்பட்டது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"நான்தான் அளவு தெரியாம முடுக்கிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படியா மாமா?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது.

"அலுமினியம் மெத்துனு இருக்கும் மாப்ள. உன் கை எப்படின்னு உனக்கே தெரியும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மொத்தமும் பொய்.

முதலாளியம்மா ஸ்பேனர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கிடுக்கியை மாவு மூட்டை தூக்கப் போட்டாள். வெளியாள் ஒருவர் வந்து ஏதோ ஒட்டுப்போட்டு மெஷினை ஓட்டினார். மில்லிங்காரர் தினமும் வேலைக்கு முன் கைகூப்பி நிற்பவர். அடுத்த மூன்று வாரமும் கைகூப்பினார், ஆனால் கேட்க ஒன்றும் வரவில்லை. மைத்துனனுக்கு நல்லது செய் என்று எந்த முகத்தோடு கேட்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடுக்கி வந்திருந்தான். அக்காள் குக்கரை நீட்டினாள். "கைப்பிடி ஆடுதுடா, ஒரு முடுக்கு முடுக்கிக் குடு." அவன் முடுக்கிக் கொடுத்தான். அவள் தூக்கிப் பார்த்தாள். கைப்பிடி முன்னைவிட ஆடியது.

"என்னடா இது? கிடுக்கிக்குக் காய்ச்சலா?"

அவன் சிரிக்கவில்லை. "பயமா இருக்குக்கா. எங்க நிறுத்தணும்னு கைக்குத் தெரிய மாட்டேங்குது." திருப்புளியை மில்லிங்காரரிடம் நீட்டினான். "நீங்களே போடுங்க மாமா."

ஒருவனுடைய கையிலிருந்து அவன் தொழிலையே எடுத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவனைப் பின்அறைக்குக் கூட்டிப்போனார். கட்டர், மாற்றாமல் விட்ட அளவு, கேஜ், பசை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிடுக்கி கேஜை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"தெரிஞ்சேதான் பசையைக் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேருமாச் சேந்து திட்டு வாங்கியிருப்போம். எனக்கு என் கை மேலேயே சந்தேகம் வந்துடுச்சே மாமா." எழுந்தான். "அந்தம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா, பழியைத் தூக்கி மாமா தலையில போடுறான்னு சொல்லும்."

மறுநாள் காலை போய்ச் சொன்னார். முதலாளியம்மா இடுப்பில் கைவைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தப்பைக் கையில ஏந்திக்கிட்டு வந்து நின்னா எப்படிய்யா திட்டுறது? முதல்ல ஒழுங்கா ஒரு கட்டை வெட்டிக்கிட்டு வா." ஸ்பேனர் பெட்டி கிடுக்கிக்குத் திரும்பியது. ஆனால் மூட்டை தூக்கப் புது ஆள் வருகிறவரை அந்த வேலையும் அவன் தலையில்தான்.

அந்த வாரம் மில்லிங்காரர் கட்டரை மூன்று முறை அளந்துவிட்டுப் புதிய கட்டை வெட்டினார். கேஜின் மறு முனை வாசலிலேயே நின்றது. கிடுக்கி அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினான். "சரியா இருக்கு மாமா" என்றான், அவ்வளவுதான். முன்பெல்லாம் அதோடு இரண்டு கேலி சேர்ந்து வரும். அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு லோடு வந்து பேக்கரியின் பின்பக்கக் கொட்டகையில் இறங்கியது: இருபத்தாறு மூட்டை. திங்கட்கிழமை கிடுக்கி அவற்றை மாடிக்கு ஏற்ற வேண்டும். மெஷினை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லி மில்லிங்காரர் முதலாளியம்மாவிடம் சாவி வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு மத்தியானம் பேக்கரியில் ஒரு ஆளும் இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முதல் எட்டு மூட்டை தோளில் ஏறின. அதற்குப் பிறகு தோள் ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொன்றையும் மார்போடு அணைத்து, படிக்குப் படி வைத்து எடுத்து ஏறினார். இடையில் இரண்டு முறை சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். இத்தனை நாளாக வாய்க்கு வராத பிரார்த்தனை, பதினேழாவது மூட்டையில் மூச்சுக்கு நடுவே தானாக வந்தது.

கடைசி மூட்டையை அடுக்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. படிகளில் சிந்திய மாவைப் பெருக்கி, தன் காலடித் தடங்களையும் ஈரத்துணியால் துடைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினார்.