டிக்கெட் இல்லாத முகம்

பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்க, செக்கிங் இன்ஸ்பெக்டரான எக்ஸ்ரே அம்மாவுக்குக் கருவி எதுவும் வேண்டாம். அவள் படியேறும்போதே பாதி வேலை முடிந்துவிடும். டிக்கெட் எடுக்காதவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வான். பிறந்ததிலிருந்து பார்த்த மரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். கை மடியில் இருக்கிற எதையாவது மூடும். காது மட்டும் இவள் பக்கமே இருக்கும். நேராக அவனிடம் போய் நின்றால் போதும்.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பது அவள் வேதம். எக்ஸ்ரே என்ற பெயர் டெப்போவில் கண்டக்டர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தது. அது காதுக்கு வராமல் இருக்குமா? வந்தது, அவளுக்குப் பிடித்தும் போயிற்று. சொந்த நாத்தனார் புருஷனுக்கே அபராதம் எழுதிக் கொடுத்தவள் அவள். அந்தக் குடும்பம் இன்றைக்கும் இவள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடும்.

அப்பேர்ப்பட்டவள் அந்த முகத்தைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பார்த்தாள். மகள் அப்பாவிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் குழம்புக் கிண்ணத்தோடு உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றது. மகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்த ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர் ஒன்றுதான் இருக்கிறது, அதில் பார்க்க ஒன்றுமில்லை. கணவனும் அதே சுவரைப் பார்த்தார். எக்ஸ்ரே அம்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மகளுக்கு இது பள்ளியின் கடைசி வருடம். மாட்டு டாக்டராக வேண்டும் என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவருகிறவள், அதற்கேற்ற மார்க்கும் வாங்கிவந்தவள். ஆனால் அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, மிச்சத் தாளை வெள்ளையாகவே கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதே கணக்குகளை வீட்டில் பல் தேய்த்துக்கொண்டே வாயால் சொல்வாள். பரீட்சை அன்றைக்கு விடிந்தால் வாந்தி, உள்ளங்கையில் வியர்வை, பேனா வழுக்குகிறது என்பாள். வயிற்றில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழுப்பரீட்சையிலும் இதே கதி என்றால் மாட்டு டாக்டர் படிப்பு அவ்வளவுதான்.

எக்ஸ்ரே அம்மா சும்மா இருப்பாளா? கெஞ்சிக் கூத்தாடிக் காலை ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொண்டு சாயங்காலம் முழுக்க மகளின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்று நின்றாள். மகள் ஒரு வரியை முடிப்பதற்குள் "அது தப்பு" என்றாள். பெண் அழித்தாள், எழுதினாள், மறுபடி அழித்தாள், தாள் கிழிந்தது. அம்மாவுக்குக் கால் வலித்தது. வலித்தாலும் ஒருநாள்கூட உட்காரவில்லை, ஏனென்றால் அந்தப் பெண்மேல் அவளுக்கு அவ்வளவு உயிர்.

இப்போது பரீட்சைக்குச் சில நாட்களே பாக்கி. பயம் ஏற வேண்டிய நேரம் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. மகள் ஒழுங்காகச் சாப்பிட்டாள், தூங்கினாள், போதாததற்குச் சிரிக்கவும் செய்தாள். ஊரெல்லாம் விலை ஏறும்போது ஒரு கடையில் மட்டும் இறங்கினால் சரக்கின் மேல் சந்தேகம் வராதா?

சந்தேகம் வந்த கண்ணுக்குச் சாட்சி தானாகக் கிடைக்கும். ஒருநாள் சாயங்காலம் மகளுக்குத் தலை பின்னும்போது பின்னலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பொடுகு என்று நினைத்துக் கிள்ளி எடுத்தாள். பொடுகில்லை, மயிரிழை போன்ற காகிதச் சீவல். அது அவளுக்குப் பழகிய பொருள்தான். கணவன் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை செய்கிறவர். காலரில், காதோரத்தில், சில நாள் புருவத்தில்கூட அந்தச் சீவலோடு வருவார். கல்யாணமான நாளிலிருந்து அதைப் பெருக்கிப் பெருக்கியே துடைப்பங்கள் தேய்ந்திருக்கின்றன. ஆனால் அன்றைக்குப் பள்ளி விட்டதும் மகள் போனது அச்சகத்துக்கில்லை, கொஞ்ச நாளாகப் போவதுபோலத் தோழி வீட்டுக்குப் படிக்க. அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அந்தத் தோழியின் அம்மாவே பஸ்ஸில் மாட்டினாள். எக்ஸ்ரே அம்மா டிக்கெட்டைப் பார்த்துக் கிழித்துக் கொடுத்தபடி, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். உங்கள் பெண் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தே ரொம்ப நாளாயிற்றே என்றாள் அவள். எக்ஸ்ரே அம்மா சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தாள். அன்றைக்கு அந்த பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் யாராவது வந்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

அந்த அச்சகத்தில் இந்த மாதத்தில் என்ன அச்சாகிறது என்பது ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடங்களின் கேள்வித்தாள். வேலையாட்களை வாசலில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள், டிபன் டப்பாவைக்கூடத் திறந்து காட்ட வேண்டும். இதையெல்லாம் கணவனே வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, "கோடவுன்ல கொஞ்சம் வேலை" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வேலியே பயிரை மேய்கிறதா? மாட்டினால் அவர் வேலை போகும், போலீஸ் வரும். பெண்ணை ஜென்மத்துக்கும் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இவள் மட்டும் எந்த முகத்தோடு பஸ்ஸில் ஏறி அடுத்தவன் பையைத் திறக்கச் சொல்வாள்? இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது இன்னொரு நினைப்பும் வந்தது. எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும், பிள்ளை பாஸாகிவிடுவாளே. அந்த நினைப்பு வந்ததும் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள். கணவனைச் சந்தேகப்பட்டபோது வராத பயம் தன்னை நினைத்து வந்தது.

நேராகக் கேட்டுவிடலாமே என்று தோன்றும். அவள் தொழிலில் அந்த வழக்கமில்லை. முன்கூட்டிக் கேட்டால் திருடன் உஷாராகிவிடுவான், கையும் களவுமாகத்தான் பிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவன் ஓவர்டைம் என்று சொல்லிச் சட்டையை மாட்டினார். அவர் போன கொஞ்ச நேரத்தில் மகள் நூலகம் என்று சொல்லிப் பையை எடுத்தாள். அந்த ஊர் நூலகம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறப்பதில்லை. திருடத் தெரியாதவர்கள் திருடினால் இப்படித்தான் என்று அந்த நிலைமையிலும் எக்ஸ்ரே அம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. சத்தம் போடாத ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள்.

கடைகள் மூடிக் கிடந்த தெருவில் வெயில் மட்டும்தான் இருந்தது. சைக்கிள் கடைத் திருப்பத்தில் கணவன் காத்திருந்து மகளின் பையை வாங்கிக்கொண்டார். இருவரும் அச்சகத்து வாசலுக்குப் போகவில்லை. அங்கே காவல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ச்சாரியில் இருந்த அச்சகத்தின் காகிதக் கோடவுனின் பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தூக்கிக் குனிந்து நுழைந்து, பாதிக்குமேல் இறக்கிவிட்டார்கள். எக்ஸ்ரே அம்மா யாருடையதோ ஸ்கூட்டருக்குப் பின்னால் பதுங்கி நின்றாள். நெருப்பில்லாமல் புகையாது என்று மனசு சொன்னது. கொஞ்சம் பொறுத்து அவளும் குனிந்து உள்ளே போனாள்.

உள்ளே ஆளுயரத்துக்குக் காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்தன. ஒரு பக்கம் வெட்டி விழுந்த சீவல் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. நடுவில் காகிதம் கட்டுகிற ஒரு பழைய மேசை. அதன் முன்னால் நாற்காலியில் மகள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் அச்சடித்த கேள்வித்தாள். எக்ஸ்ரே அம்மா அதைப் பார்த்ததும் கத்தப் போனாள். அதற்குள் கணவன் செய்த காரியம் அவள் வாயை அடைத்துவிட்டது.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மகளுக்குப் பின்னால் நடந்தார். கோடவுனின் கடைசிவரை போனார், திரும்பி வந்தார், நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் நின்றதும் மகளின் பேனா நின்றது. அவள் மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு மெதுவாக எழுத ஆரம்பித்தாள்.

"அப்பா, இது பத்தாது. நீங்க நின்னா இப்ப பயமே வரல. இன்னும் கிட்ட வந்து அம்மா மாதிரி நில்லுங்க. மூச்சுச் சத்தம் கழுத்துல கேக்கணும்."

அவர் நெருங்கி நின்றார். இடுப்பில் கைவைத்தார். குனிந்து தாளைப் பார்த்து, மனைவியின் குரல் வராமல் தொண்டையைக் கனைத்து, "அது தப்பு" என்றார். மகள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். கட்டுகளுக்குப் பின்னால் நின்றவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. யாரோ நடுத்தெருவில் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

அவள் மறைவிலிருந்து வெளியே வந்தாள். மகளின் கை சட்டென்று தாளை மூடியது, முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. எக்ஸ்ரே அம்மா கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தாள். போன வருஷத்துத் தாள், மகளின் பள்ளியிலேயே கொடுத்தது, மூலையில் எண்ணெய்க் கறை. அவள் வருஷத்தைத் தேடுவதைக் கணவன் பார்த்துவிட்டார்.

"நான் திருடிக் கொண்டுவந்தேன்னு நினைச்சியா?"

"ஆமாங்க," என்றாள். வேறு எதைச் சொன்னாலும் பொய்யாக இருந்திருக்கும்.

அவர் கோபப்படவில்லை. பக்கத்திலிருந்த கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றதும்தான் பெண்ணுக்கு எல்லாம் மறந்துபோகிறதாம். அப்புறம் இவர் மட்டும் கூட்டிப்போனபோது, வயிறு பார்த்த டாக்டர்தான் கேட்டுக் கேட்டு அதைக் கண்டுபிடித்தாராம். எதற்குப் பயமோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள், முதலில் அவள் பயப்படாத ஆளை நிற்கவையுங்கள் என்றாராம். அதற்குத்தான் முதலாளியிடம் கேட்டு இந்த இடத்தை வாங்கினாராம். இவளிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா நீதான் வந்து நிப்பே" என்றார்.

சுவரைப் பார்த்தபடியே இருந்த மகள் பேசினாள்.

"அம்மா, பஸ்ல நீ வந்து நின்னா, டிக்கெட் வாங்கினவங்களும் பதறுவாங்கல்ல?"

எக்ஸ்ரே அம்மா தலையாட்டினாள்.

"நானும் டிக்கெட் வாங்கியிருக்கேம்மா. எல்லாம் படிச்சுட்டேன். நீ வந்து நின்னா எங்க வச்சேன்னு தெரியாமப் போயிடுது."

அவளுக்குத் தெரியாதா அது? தினமும் பார்க்கிறவளாயிற்றே. பையைக் கவிழ்ப்பார்கள், சட்டைப் பையில் தேடுவார்கள், வாய் குழறும், உதடு வெளுக்கும். டிக்கெட் கையிடுக்கிலேயே கசங்கிக் கிடக்கும். அப்படிப்பட்டவர்களிடம் அவள் நின்று முறைத்ததே கிடையாது, பின் சீட்டுக்கு நகர்ந்துவிடுவாள். தலைமேல் நிற்க நிற்க அவர்களுக்குக் கிடைக்காது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? முன்பின் தெரியாத சனத்துக்குக் காட்டிய அந்தப் பொறுமையைப் பெற்ற பெண்ணுக்குக் காட்டத் தோன்றவில்லையே என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எழுது," என்றாள். மகளின் தோள் இறுகியது. எக்ஸ்ரே அம்மா பின்பக்கமாகப் போய், வீட்டில் நிற்கிற அதே இடத்தில் நின்றாள். பேனா தாளின்மேல் அசையாமல் இருந்தது. தாளில் மேலிருந்து மூன்றாவது வரியில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. அவள் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கடித்துக்கொண்டாள்.

"மெதுவாத் தேடிவை. நான் பின்னாடி சீட்டெல்லாம் பார்த்துட்டு வர்றேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் வாழ்நாளில் இதைவிடக் கஷ்டமான நடை நடந்ததில்லை. கட்டு கட்டாக நின்ற காகிதத்தைத் தாண்டி, சீவல் மூட்டைகளைத் தாண்டி, கோடவுனின் கடைசிச் சுவர்வரை போய் அதைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார் என்று கழுத்து பிடுங்கியது. தெருவில் ஒரு வண்டி போய் ஓய்ந்தது. அப்புறம் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்றது. எதையோ திருத்துவதுபோல ஒரு சின்னக் கீறல், அதன்பின் நிற்காமல் ஓடியது.

கணவன் ஓசைப்படாமல் பக்கத்தில் வந்து, போதும், வா என்று அவள் கையைத் தொட்டார்.

"இருங்க," என்றாள் அவள், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் கடைசி சீட்டு பாக்கி."